கருவிக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்

ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு கருவி வாங்கும்போது பேச்செல்லாம் கருவியைச் சுற்றியே இருக்கும். எவ்வளவு நுணுக்கமாக அளக்கும், எந்த மென்பொருள் வரும், வாரண்டி எத்தனை ஆண்டு என்று மாதக்கணக்கில் ஒப்பிடுவோம். கருவியின் முதுகுப் பக்கத்தில் தண்ணீர் உள்ளே போக ஒரு முனையும் வெளியே வர ஒரு முனையும் இருக்கும். அவற்றைப் பற்றிய பேச்சு, பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் தொடங்கும். பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு ஹோஸைச் செருகியதும் அது முடிந்தும் போகும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி அளக்கும் எந்தக் கருவிக்கும் அந்தத் தண்ணீர்ச் சுற்று ஓர் உறுப்பு. விவரத்தாளின் முதல் பக்கத்தில் 0.02 டிகிரி துல்லியம் என்று போட்டிருப்பார்கள். எந்த வெப்பநிலையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு சுத்தமான தண்ணீர் வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். கடைசிப் பக்கத்தை நிறைவேற்றாதவர்களுக்கு முதல் பக்கம் செல்லாது.

தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நம் ஆய்வகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்கு எதிரானது. பெரும்பாலான கருவிகள் கேட்பது மாறாத வெப்பநிலையும் குறையாத ஓட்டமும்தான். 20 டிகிரியில் அசையாமல் நிற்கும் தண்ணீர், 8 டிகிரிக்கும் 12 டிகிரிக்கும் நடுவே ஊசலாடும் தண்ணீரைவிடப் பல மடங்கு மேல். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மிகைக் குளிர்ச்சி கருவிக்குக் கேடாகவும் முடியும். ஏன் என்பதைச் சிறிய கருவியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில், மூன்று மில்லிலிட்டர் கரைசல் பிடிக்கும் ஒரு குவார்ட்ஸ் கியூவெட்டைத் தாங்கும் உலோகக் கட்டை இருக்கும். டி.என்.ஏ. எந்த வெப்பநிலையில் இரண்டு இழைகளாகப் பிரிகிறது, ஒரு புரதம் எப்போது மடிப்புக் குலைகிறது என்பதையெல்லாம் பார்க்க, அந்தக் கட்டையை 5 டிகிரியிலிருந்து 95 டிகிரி வரை சீராக ஏற்றி இறக்க வேண்டும். இதைச் செய்வது பெல்டியர் தகடு. 1834இல் பிரெஞ்சு இயற்பியலர் ழான் சார்ல் பெல்டியே கண்ட விளைவு இது: இரு வேறு கடத்திகளின் சந்திப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு சந்தி குளிரும், மறு சந்தி சுடும். இன்றைய தகடுகளில் பிஸ்மத் டெல்லுரைடால் ஆன குட்டித் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மின்சாரத்தின் திசையைத் திருப்பினால் குளிர்ந்த முகம் சூடாகிவிடும். அதனால் ஒரே தகட்டைக் கொண்டு ஏற்றவும் இறக்கவும் முடிகிறது.

பெல்டியர் தகடு வெப்பத்தைத் தின்றுவிடுவதில்லை. கியூவெட்டிலிருந்து எடுத்த வெப்பத்தையும், தனக்குக் கொடுத்த மின்சாரத்தால் உண்டான வெப்பத்தையும் சேர்த்துப் பின்முகத்தில் கொட்டுகிறது. கியூவெட்டிலிருந்து ஐந்து வாட் எடுக்க நாற்பது வாட் மின்சாரம் செலவானால், பின்பக்கத் தண்ணீர் நாற்பத்தைந்து வாட் சுமக்க வேண்டும். ஓர் அடுக்குத் தகட்டால் இரு முகங்களுக்கிடையே அதிகபட்சம் 65, 70 டிகிரி வேறுபாட்டைத்தான் தாங்க முடியும். அதுவும் வெப்பம் எதையும் கடத்தாதபோது. ஆகவே பின்முகம் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவுக்கு முன்முகத்தின் குளிர்ச்சி எட்டாமல் போகும்.

தண்ணீர் நின்றால் நடப்பதைக் கவனித்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு முழுவதும் விளங்கும். கட்டையை 10 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். எங்கோ ஹோஸ் மடங்கி ஓட்டம் நின்றுவிடுகிறது. பின்முகம் சூடேறுகிறது, அந்தச் சூடு தகட்டின் வழியாகவே முன்முகத்துக்குத் திரும்பக் கசிகிறது. கட்டையின் வெப்பநிலை கொஞ்சம் உயர்ந்ததும் கட்டுப்பாட்டுக் கருவி தன் கடமையைச் செய்கிறது: மின்சாரத்தைக் கூட்டுகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் தகட்டுக்குள் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு. அந்த வெப்பமும் போக வழியில்லை. திரையில் 10 என்றிருந்த எண் 12, 15, 22 என்று ஏறும்; முழு மின்சாரத்தில் 'குளிர்வித்துக்கொண்டே' கட்டை கொதிக்கப் பார்க்கும். சில வகைத் தகடுகளில் தூண்களை ஒட்டியிருக்கும் பிஸ்மத்–வெள்ளீயப் பற்றாசு 138 டிகிரியில் உருகிவிடும். நல்ல கருவிகளில் பின்முகத்துக்குத் தனி உணரி வைத்து, சூடு வரம்பு மீறினால் மின்சாரத்தை வெட்டிவிடுவார்கள். அந்த உணரி இருக்கிறதா என்பது வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தச் சின்னக் கட்டைக்குப் பல ஆய்வகங்களில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் மீன்தொட்டிப் பம்பும்தான் ஏற்பாடு. அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. கணக்குப் போட்டுச் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். 15 லிட்டர் வாளியில் 50 வாட் வெப்பம் தொடர்ந்து இறங்கினால், சுற்றுப்புறத்துக்குப் போகும் இழப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தண்ணீர் மணிக்கு ஏறத்தாழ 3 டிகிரி சூடாகும். ஒரு மணி நேரச் சோதனைக்கு அது பொருட்டே இல்லை. நாள் முழுக்க ஓடும் சோதனைக்குப் போதாது. அப்போது பனிக்கட்டி போடத் தோன்றும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். 50 வாட் சுமையை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆனால் கடைசித் துண்டு உருகிய கணத்திலிருந்து வாளியின் வெப்பநிலை ஏறத் தொடங்கும். அந்தத் திருப்பம் அளவீட்டின் நடுவில் விழுந்தால் வரைபடத்தின் அடிக்கோடு சாய்ந்திருக்கும். 5 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டிய சோதனை தவிர வேறெதற்கும் பனிக்கட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. பெரிய வாளி, சாதாரணத் தண்ணீர், நல்ல பம்ப் மூன்றும் போதும்.

ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்குக்கு இத்தனை பாடு தேவையா என்று கேட்கலாம். உயிர்வேதியியல் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் டிரிஸ் கரைசலின் பி.எச். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.028 குறையும். 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்து வைத்த கரைசல், 4 டிகிரிக் குளிர் அறையில் 8.6 அருகே நிற்கும். தண்ணீரின் பாகுத்தன்மை அறை வெப்பநிலையில் டிகிரிக்கு 2 சதவீதம் மாறுகிறது. மின்னணு நுண்ணோக்கியில் இது இன்னும் கண்கூடு. 10 சென்டிமீட்டர் நீள எஃகுப் பகுதி ஒரு டிகிரிக்கு 1.2 மைக்ரோமீட்டர் நீளும். பத்தில் ஒரு டிகிரிக்கு 120 நானோமீட்டர். பார்க்க நினைக்கும் அணுக்களின் இடைவெளியோ நானோமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு. அந்த நுண்ணோக்கியின் காந்த லென்சுகளில் ஓடும் மின்சாரம் தாமிரச் சுருளைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துச் செல்லும் தண்ணீர் நிலையாக இல்லாவிட்டால் படம் மெல்ல நழுவும். புகைப்படம் எடுக்கும் சில வினாடிகளுக்குள் அந்த நழுவல் தெரிந்துவிடும். பல நாள் மாதிரி தயாரித்துக் கொண்டுவந்த மாணவர், குறை தன் மாதிரியில் இருக்கிறது என்று எண்ணித் திரும்பிப் போவார். அந்த வீணான உழைப்புக்காகத்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்கு ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீர், ஒரு டிகிரி சூடானால் 70 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். எக்ஸ்ரே விளிம்பு விளைவுக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 கிலோவோல்ட், 40 மில்லியாம்பியர் என்றால் 1,600 வாட். அதில் எக்ஸ் கதிராக மாறுவது ஒரு சதவீதம் அளவே. மீதி அத்தனையும் சில சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள உலோகத்தில் வெப்பமாக இறங்குகிறது. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் தண்ணீர் 6 டிகிரி சூடாகி வெளியே வரும். ஓட்டம் பாதியானால் 12 டிகிரி. நின்றால் சில வினாடிகளில் எக்ஸ்ரே குழாய் வீணாகிவிடும். அதனால்தான் எக்ஸ்ரே கருவிகளில் ஓட்டம் குறைந்ததும் உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் இன்டர்லாக் கட்டாயம். அது அடிக்கடி தொல்லை கொடுக்கிறது என்று கம்பி போட்டு இணைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும்.

பழைய ஆர்கான் அயனி லேசர்கள் சில வாட் ஒளிக்காகப் பத்து கிலோவாட்டுக்கும் மேல் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய அவ்வளவையும் தண்ணீரில் கொட்டின. எம்.ஆர்.ஐ. கருவியில் திரவ ஹீலியம் ஆவியாகாமல் காக்கும் குளிர்த்தலைக்குப் பின்னால் ஒரு ஹீலியம் கம்ப்ரசர் இரவும் பகலும் ஓடுகிறது. மைனஸ் 269 டிகிரியில் ஒன்றரை வாட் வெப்பத்தை எடுக்க அது 7 கிலோவாட் மின்சாரம் செலவழிக்கிறது. அந்த 7 கிலோவாட்டும் கட்டடத்தின் குளிர் தண்ணீருக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த கேள்வி, அந்த வெப்பத்தை எங்கே விடுவது. மிகப் பழைய பதில், குழாயைத் திறந்து சாக்கடையில் விடுவது. 1771இல் ஜெர்மானிய வேதியியலர் வைகல் தண்ணீர் சூழ்ந்த ஆவிச் சுருக்கியை விவரித்தார். பிறகு லீபிக் பரப்பியதால் அது அவர் பெயரில் நிலைத்தது. அந்தக் கண்ணாடிக் குழாயில் கீழே தண்ணீர் நுழைந்து மேலே வெளியேற வேண்டும் என்று கல்லூரி முதலாண்டில் படித்தவர்கள் அத்தனை பேரும், அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் எட்டு மணி நேர வேலைநாளுக்கு 960 லிட்டர். ரோட்டரி ஆவியாக்கிகள் ஐந்து இருக்கும் ஆய்வகத்தில் நாளுக்கு ஏறத்தாழ 5,000 லிட்டர் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நகரம் சென்னை. திறந்துவிட்ட குழாய்க்கு இங்கே எந்த நியாயமும் சொல்ல முடியாது.

அறிவியல்படியும் அது மோசமான ஏற்பாடு. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் மதியத்தில் கை பொறுக்காது. அதிகாலையில் வேறு வெப்பநிலை. பக்கத்து அறையில் யாராவது குழாயைத் திறந்தால் வேறு அழுத்தம். ரோட்டரி ஆவியாக்கிக்கு 20 டிகிரி விதி என்ற ஒரு கைமுறை உண்டு: வெந்நீர்த் தொட்டி 50, ஆவி 30, குளிர் தண்ணீர் 10. மே மாதக் குழாய்த் தண்ணீரால் அந்தக் கடைசிப் படியை நெருங்கக்கூட முடியாது. கரைப்பான் சுருங்காமல் பம்புக்குள் போய், அங்கிருந்து நாம் மூச்சு வாங்கும் காற்றுக்கு வந்து சேரும்.

இரண்டாவது வழி கூலிங் டவர். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும்: கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி மீதியைக் குளிர்விக்கிறது. 100 கிலோவாட் வெப்பத்தை விட மணிக்கு 150 லிட்டர் ஆவியாக வேண்டும். ஆவியாவது தூய தண்ணீர் மட்டும் என்பதால் உப்பெல்லாம் தொட்டியில் தங்கும். அது மும்மடங்காக அடர்ந்ததும் வெளியேற்றுவதாக வைத்தால் இன்னும் 75 லிட்டர் போகும். போர் தண்ணீரில் தொடக்கத்திலேயே உப்பு அதிகம் என்றால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே டவர் தண்ணீர் போகவே முடியாது; அதற்கு மேலே 3, 4 டிகிரியில்தான் நிற்கும். உலர்ந்த உள்மாவட்டங்களில் கோடையிலும் டவர் பயன் தரும். ஈரக்குமிழ் 28 டிகிரியைத் தொடும் கடலோரத்தில் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு மேல் இருக்கும். பெரிய கம்ப்ரசருக்கு அது ஏற்கும், நுண்ணோக்கிக்கு ஏற்காது. 1976இல் பிலடெல்பியா ஓட்டலில் நூற்றுக்கணக்கானோரைத் தாக்கிய நிமோனியாவுக்குக் காரணமான லெஜியனெல்லா பாக்டீரியா மறு ஆண்டு அடையாளம் காணப்பட்டது. வெதுவெதுப்பான டவர் தண்ணீர் அதற்கு உகந்த இடம்; பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் டவர் வைக்கக் கூடாது.

மூன்றாவது, கட்டடத்தின் ஏ.சி. அமைப்பிலிருந்து வரும் குளிர் தண்ணீர். வழக்கமாக 7 டிகிரியில் போய் 12 டிகிரியில் திரும்பும். கையருகே இருக்கிறது, தாராளமாகவும் இருக்கிறது. அதனாலேயே நேரடியாகக் கருவியில் இணைத்துவிடத் தூண்டும். இணைக்கக் கூடாது. அந்தத் தண்ணீரில் பழைய இரும்புக் குழாயின் துரு, துருவைத் தடுக்கப் போட்ட ரசாயனம், பத்து மாடிக் கட்டடத்தின் அழுத்தம் எல்லாம் இருக்கும். மேலும் அது 7 டிகிரி.

இங்கேதான் பனிநிலை குறுக்கே வருகிறது. குறிப்பிட்ட ஈரப்பதமுள்ள காற்று எந்தப் பரப்பில் பட்டால் நீர்த்துளி படியுமோ அந்த வெப்பநிலைதான் பனிநிலை. 24 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள ஏ.சி. அறையில் அது 13 டிகிரி. ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 16. ஆகவே 18 டிகிரித் தண்ணீர் பகலில் எந்தத் தொல்லையும் தராது. மாலையில் ஆய்வகத்தைப் பூட்டும்போது மின்சாரம் மிச்சமாகட்டும் என்று ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போகிறார்கள். இரவு முழுக்க ஓடும் சோதனைக்காகத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மட்டும் ஓடுகிறது. ஐப்பசி மழை நாளில் அறை 28 டிகிரிக்கும் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கும் ஏறினால் பனிநிலை 23. இப்போது அதே 18 டிகிரிக் குழாய் வியர்க்கும். காலையில் வந்து கருவியின் பக்கத் தகட்டைக் கழற்றினால், குழாய் நுழையும் பித்தளை முனையில் முத்து முத்தாகத் துளிகள் கோத்திருக்கும். அதன் நேர் கீழே மின்சுற்றுப் பலகையில் வெள்ளைப் பூச்சாக உப்பு படிந்திருக்கும். நடுச்சாமத்தில் நடந்த இந்த நனைவு பகலில் காய்ந்துவிடும். மாதக்கணக்கில் காரணம் தெரியாமல் பலகைகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்து, இரவின் உச்ச அளவைப் பதிவு செய்து, அதற்குரிய பனிநிலைக்கு இரண்டு டிகிரி மேலே தண்ணீரை வைப்பதுதான் சரியான வழி. கருவி அதைவிடக் குளிரைக் கேட்டால் இரவிலும் ஏ.சி. ஓட வேண்டும். அந்த மின்கட்டணம் கருவியின் விலையோடு சேர்ந்தது.

ஆகவே பெரும்பாலான ஆய்வகங்களுக்கு மிஞ்சுவது மூடிய சுற்று. கருவிக்குள் ஓடும் தண்ணீர் தனிச் சுற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் வெப்பத்தை ஒரு சில்லரோ, தகட்டு வெப்பமாற்றி வழியே கட்டடத்தின் குளிர் தண்ணீரோ எடுத்துக்கொள்ளும். இரண்டு தண்ணீரும் ஒருபோதும் கலப்பதில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இதையே ஒரு வளாகத்தின் அளவுக்குச் செய்கிறது. கயூகா ஏரியில் சுமார் 76 மீட்டர் ஆழத்திலிருந்து 4 டிகிரி அளவில் தண்ணீரை எடுத்து, கரையிலுள்ள வெப்பமாற்றியில் வளாகத்தின் மூடிய சுற்றைக் குளிர்வித்து, ஏரிக்கே திருப்பி விடுகிறார்கள். நமக்கு அப்படியோர் ஏரி இல்லை. ஆனால் உள்சுற்றையும் வெளிச்சுற்றையும் பிரிக்கும் அந்தத் தகட்டு வெப்பமாற்றி ஓர் அறைக்குள்ளும் அடங்கும். ஓடும் பாகம் எதுவும் இல்லாத அது, சில்லரைவிட மலிவு, சத்தமில்லை, பழுதும் குறைவு. கட்டடத்தில் நம்பத்தக்க குளிர் தண்ணீர் இருந்தால் அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

சில்லர்தான் வேண்டும் என்றால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். விவரத்தாளில் 3 கிலோவாட் என்றிருப்பது பெரும்பாலும் 20 அல்லது 25 டிகிரி அறையில் அளந்தது. 40 டிகிரி மொட்டைமாடியில் அது கணிசமாகக் குறையும். தண்ணீரை எவ்வளவு குளிராக வைக்கிறோமோ அவ்வளவுக்குத் திறன் மேலும் சரியும். அடுத்து, காற்றால் குளிரும் சில்லரை அறைக்குள் வைத்தால், கருவியின் 3 கிலோவாட்டோடு கம்ப்ரசரின் ஒரு கிலோவாட்டையும் சேர்த்து அறைக்குள்ளேயே ஊதும். அதை ஈடுகட்ட ஒரு டன்னுக்கும் மேல் கூடுதல் ஏ.சி. தேவை. வெளியே வைத்தால் கடற்காற்றில் கண்டென்சர் தகடுகள் அரிக்கும். பூச்சுப் பூசிய கண்டென்சர் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, கம்ப்ரசரைப் போட்டும் நிறுத்தியும் கட்டுப்படுத்தும் மலிவு வகைகளில் தண்ணீர் ஓரிரு டிகிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ரம்பப்பல் வடிவம் அப்படியே அளவீட்டின் அடிக்கோட்டில் வந்து உட்காரும். கருவியின் கட்டுப்பாடு மெதுவான மாற்றங்களைச் சமாளித்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும் ஊசலை முழுதாகச் சமாளிக்காது. இதற்கு ஒரு மலிவான மருந்து உண்டு: சில்லருக்கும் கருவிக்கும் நடுவே, உள்ளே நன்றாகக் கலங்கும் 50 லிட்டர் தொட்டி ஒன்றை வைப்பது. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டத்தில், ஐந்து நிமிடச் சுழற்சியுள்ள ஊசல் அந்தத் தொட்டியைக் கடக்கும்போது ஆறில் ஒரு பங்காகிவிடும். விலை உயர்ந்த சில்லரை வாங்கப் பணமில்லாத கல்லூரி ஆய்வகத்துக்கு இதைவிடப் பயனுள்ள யோசனை என்னிடம் இல்லை.

சுற்றுக்குள் என்ன தண்ணீர் ஊற்றுவது என்பதில்தான் குழப்பம் அதிகம். போர் தண்ணீர் கூடவே கூடாது. கால்சியம் கார்பனேட் சூட்டில் கரைதிறன் குறையும் உப்பு. ஆகவே சுற்றிலேயே மிகச் சூடான இடத்தில், அதாவது மிக அதிகமாகக் குளிர்விக்க வேண்டிய இடத்தில்தான் அது படியும். மறுபக்கம், மிகத் தூய்மையான தண்ணீரே நல்லது என்று பதினெட்டு மெகாஓம் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். அயனிகள் இல்லாத தண்ணீர் அவற்றைத் தேடிப் போகும்; தாமிரம், பித்தளை எதிலிருந்தும் உரித்து எடுத்துக்கொள்ளும். உயர் மின்னழுத்தம் தண்ணீரைத் தொடும் கருவிகளுக்குத்தான் அந்தத் தூய்மை தேவை. அங்கே சுற்றோடு அயனி நீக்கிக் குடுவையும் கடத்துதிறன் மீட்டரும் சேர்ந்தே வரும். மற்றவற்றுக்கு வடித்த தண்ணீரும், கருவித் தயாரிப்பாளர் ஏற்கும் துருத் தடுப்பியும் போதும். கார் ரேடியேட்டருக்கு விற்கும் பச்சைத் திரவத்தை ஊற்ற வேண்டாம். அதிலுள்ள சிலிகேட்டுகள் மெல்லிய வழிகளில் படலமாகப் படியும். தண்ணீரை 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டியிருந்தால் மட்டும் ஆய்வகத் தர கிளைக்கால் கலக்க வேண்டும், ஏனென்றால் சில்லருக்குள் இருக்கும் குளிர்பரப்பு தண்ணீரைவிடக் குளிராக இருந்து பனி கட்டிவிடும்.

உலோகங்களைக் கலக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். தாமிரக் குளிர்தகடும் அலுமினியத் தொட்டியும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு மின்கலம், கரைவது அலுமினியம். வருடம் ஒருமுறை பில்டரைக் கழற்றிப் பாருங்கள். செம்பழுப்புச் சேறு இருந்தால் இரும்பு எங்கோ அரிக்கிறது. நீலப்பச்சை என்றால் தாமிரம். வழவழப்பாக விரலில் ஒட்டும் பச்சை என்றால் பாசி. ஜன்னல் வெளிச்சம் படும் ஒளி ஊடுருவும் ஹோஸ் அதற்குக் காரணமாக இருக்கும். கருப்பு ஹோஸ் மாற்றினாலே பாதிப் பாசி போய்விடும். தாமிரத்தின் அரிப்புக்குத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் காரணம். மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் அரிப்பு குறைவு, நடுத்தர அளவில்தான் மோசம் என்பது மின்நிலைய ஜெனரேட்டர்களையும் முடுக்கிகளையும் நடத்துவோர் பட்டறிந்த பாடம். உள்ளீடற்ற தாமிரக் கம்பிகளுக்குள் தண்ணீர் ஓடும் அங்கே, உதிர்ந்த தாமிர ஆக்சைடு ஒரு வழியை அடைத்தால் முழுச் சுருளும் போய்விடும். இந்தூரில் உள்ள இண்டஸ்–2 முடுக்கியின் காந்தங்களுக்குக் கடத்துதிறன் குறைந்த தண்ணீருக்கென்றே தனி அமைப்பு ஓடுகிறது. இந்த வழியின் உச்சத்தை அமெரிக்காவில் டாலஹாசி உயர் காந்தப்புல ஆய்வகத்தில் பார்க்கலாம். அங்குள்ள 41.4 டெஸ்லா காந்தம் 32 மெகாவாட் மின்சாரத்தை எடுத்து, அத்தனையையும் அயனி நீக்கிய குளிர் தண்ணீரில் கொட்டுகிறது. தாமிரத் தகடுகளில் துளையிட்டுத் தண்ணீரைப் பாய்ச்சும் அந்த முறையை 1930களில் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் பிட்டர்.

குழாய்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. வேகமாக ஓடும் தண்ணீரில் அழுத்த இழப்பு, குழாயின் உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. அரை இஞ்ச் ஹோஸுக்குப் பதில் அதில் முக்கால் பங்கு விட்டமே உள்ள ஹோஸைப் போட்டால் இழப்பு நான்கு மடங்கு. கடையில் அந்த அளவு இல்லை என்று நடுவில் சின்ன இணைப்பான் போட்டுச் செருகுவதால் எத்தனையோ கருவிகள் மூச்சுத் திணறுகின்றன. சில்லரில் இருக்கும் அழுத்தமானி இதைக் காட்டாது, வழி அடைத்தால் அழுத்தம் ஏறவே செய்யும். ஓட்டமானி ஒன்று கட்டாயம் வேண்டும். அது கருவியிலிருந்து வெளியேறும் பக்கத்தில் இருக்க வேண்டும். சில்லர் கீழ்த்தளத்திலும் கருவி மேல்தளத்திலும் இருந்தால், பம்ப் நின்றதும் மேலேயுள்ள தண்ணீர் முழுவதும் கீழே இறங்கித் தொட்டி வழியும். திரும்பாத வால்வும் சொலினாய்டு வால்வும் அங்கே தேவை.

மின்வெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருவியை யு.பி.எஸ்.ஸில் இணைத்துவிட்டுச் சில்லரை நேரடி மின்சாரத்தில் விடுவதுதான் பரவலான ஏற்பாடு. மின்சாரம் போனதும் கருவி சூடாகிக்கொண்டே இருக்கும், தண்ணீர் நின்றிருக்கும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் பல சில்லர்கள் தாமாக ஓடத் தொடங்குவதில்லை. யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். ஞாயிறு இரவில் அதற்கு ஆள் யார்? சில்லர் முழுவதையும் யு.பி.எஸ்.ஸில் போடக் கட்டுப்படியாகாது. சுற்றும் பம்பை மட்டும் போட்டால் போதும்: தொட்டித் தண்ணீரே சில நிமிடங்களுக்கு வெப்பத்தை ஏற்கும். நமது 50 லிட்டர் தொட்டி ஒரு கிலோவாட் சுமையைப் பத்து நிமிடம் தாங்கினால் 3 டிகிரிக்குள்தான் சூடாகும். அதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடும். சில்லரில் தானியங்கி மறுதொடக்கம் இருக்கிறதா, இருந்தால் அதை இயக்கி வைத்திருக்கிறார்களா என்று நிறுவும் நாளிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு கட்டடத்தில் பத்துக் கருவிகள் இருந்தால் பத்துச் சில்லர்களா, ஒரே மையச் சுற்றா? பத்துச் சில்லர்கள் என்றால் பத்துக் கம்ப்ரசர்களின் சத்தம், அதிர்வு, வெப்பம், பத்துப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒன்று பழுதானால் ஒரு கருவிதான் நிற்கும். மையச் சுற்று சிக்கனம், ஆனால் அது நின்றால் கட்டடமே நிற்கும். என் தேர்வு மையச் சுற்றுதான், இரண்டு நிபந்தனைகளோடு: ஏ.சி.யின் 7 டிகிரிச் சுற்றிலிருந்து பிரித்து, 18 முதல் 20 டிகிரியில் அது தனியாக ஓட வேண்டும். பம்பும் சில்லரும் ஒன்று உபரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் முன்னால் ஒரு தகட்டு வெப்பமாற்றி. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. போல நிற்கவே கூடாதவற்றுக்கு மட்டும் தனிச் சில்லரும் இருக்கலாம். இதற்கு ஒத்துவராத நிறுவனங்கள் உண்டு: பராமரிப்புக்கென்று ஆள் நியமிக்காத இடங்கள். அங்கே தனித்தனிச் சில்லர்களே மேல், ஏனென்றால் அந்தந்தக் கருவிக்குப் பொறுப்பான மாணவராவது அதைப் பார்த்துக்கொள்வார்.

எந்த ஏற்பாடானாலும் அதைக் கருவியின் அதே கொள்முதல் ஆணையில் சேர்க்க வேண்டும். கருவியை ஒருவரிடமும் சில்லரை இன்னொருவரிடமும் குழாயைக் கட்டடப் பிரிவிடமும் வாங்கினால், படம் நழுவும் நாளில் மூவரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். ஏற்புக் கையெழுத்துக்கு முன் இரண்டு சோதனைகள் கேட்கலாம்: மே மாத மதியத்தில் முழுச் சுமையில் எட்டு மணி நேரம், மழைக்கால இரவில் ஏ.சி.யை அணைத்து மறுநாள் காலை வரை. உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர், ஓட்டம் மூன்றையும் நிமிடத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும். கருவி மார்ச்சில் வந்தால் இரண்டாவது சோதனைக்கு அக்டோபர் வரை காத்திருக்க நேரும். அதுவரை கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாம் என்ற விதியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.